பிஸ்டனைக் கழட்டினால் சீலை மாத்துங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பைக் இருக்கிற எல்லோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கொஞ்ச நாளாக நம்ம பிள்ளைகள் சிலர் யூடியூப் பார்த்து வீட்டிலேயே டிஸ்க் பிரேக்கைக் கழட்டிச் சுத்தம் செய்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். கையில் சாமான் பிடிக்கத் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வேலை முடியும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், பழைய ரப்பர் சீல் நல்லாத்தான் இருக்குது. அதையே போட்டுக்கலாமுங்களா?"

என் பதில்: வேண்டாம் கண்ணு. பிஸ்டனை வெளியே எடுத்தாயா, புது சீல் போடு.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். வகுப்பில் நடத்திய பாஸ்கல் விதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அடைபட்ட திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். ஒரு பேச்சுக்கு, பிரேக் லீவரை 10 கிலோ விசையில் இழுக்கிறீர்கள். லீவர் அதை 5 மடங்காக்கினால் 50 கிலோ. அது 12 மி.மீ. விட்டமுள்ள மேல் பிஸ்டனைத் தள்ளும்போது உள்ளே ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 44 கிலோ அழுத்தம் உண்டாகிறது. பைக் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 கிலோ சுற்றுவட்டம்தான். அதைப்போல் இருபது மடங்கு! கீழே கேலிப்பரில் 30 மி.மீ. பிஸ்டன் இருந்தால் அது 300 கிலோவுக்கு மேல் விசையோடு பேடைத் தள்ளும். இத்தனையையும் வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு வளையல் மாதிரி இருக்கிற ரப்பர்.

"ஒழுகலையே சார்?" என்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த சீலுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆயிலை அடைப்பது. இன்னொன்று, பிஸ்டனைப் பின்னால் இழுப்பது. கேலிப்பரைத் திறந்து பாருங்கள், பிஸ்டனைத் திரும்ப இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் இருக்காது. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னால் நகர, அதைக் கவ்வியிருக்கிற சீல் லேசாக முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும் ரப்பர் தன் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் ஒரு நூலளவு பின்னால் இழுத்துவிடும். வயதான ரப்பர் இறுகிப்போனால் இந்த இழுப்பு போய்விடும். ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் பேடு டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும். சூடேறும், பேடு தேயும், பெட்ரோலும் வீணாகும். ஆகவே ஒழுகவில்லை என்பது பாதிப் பரீட்சையில்தான் பாஸ்.

அடுத்தது, சீலுக்கு என்ன தடவுவது? சைக்கிள் பம்பு வாஷர் காய்ந்தால் எண்ணெய் விட்டோம். அடிபம்பு வாஷரை ஊறவைத்துப் போட்டோம். அதெல்லாம் தோல். ஹைட்ராலிக் பிரேக்கிலும் ஆரம்பத்தில் தோல் வாஷர்தான் இருந்தது. ரப்பருக்கு மாறியது 1920களில். நம் கைப்பழக்கம் இன்னும் தோலிலேயே நிற்கிறது. நம் பைக்குகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில், பேரில் ஆயிலே தவிர எண்ணெய் வகை அல்ல, கிளைகால் வகை. அதற்கு ஏற்ற ரப்பரில்தான் இந்த சீல்கள் செய்யப்படுகின்றன. அந்த ரப்பரில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எது பட்டாலும் ஊதிப் பெருத்துவிடும். ஊதிய சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்து, ஓடுகிற வண்டியில் பிரேக்கை மாட்ட வைத்துவிடும். புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போடுங்கள், அது போதும்.

சீலை மட்டும் மாற்றினாலும் பத்தாது. சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அதை மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிஸ்டனில் துரு, பொத்தல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். எமரி போட்டுத் தேய்த்தால் மேல் பூச்சு போய்விடும். ஹோஸ் போல்ட்டின் இருபக்கமும் இருக்கிற செம்பு அல்லது அலுமினிய வாஷரும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது.

பேடு மட்டும் மாற்றுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பிஸ்டனை வெளியே எடுக்காமல், வெளியே தெரியும் பகுதியைத் துடைத்துவிட்டு உள்ளே தள்ளினால், நல்ல நிலையில் இருக்கிற சீலைத் தொடவே வேண்டியதில்லை. இன்னொன்று, ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் சில மாடல்களுக்கு உள்ளே புகுந்த காற்றை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். 125 சி.சி.க்கு மேல் இருந்து 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதென்றால் ஏ.பி.எஸ். இருக்கும். அதைத் தெரிந்த கையிடம் கொடுத்துவிடுங்கள்.

"மெக்கானிக்கே பழசைத்தான் போடறாருங்க" என்கிறான் ஒரு மாணவன். அவர் போடுகிறார் என்பதற்காக அது சரியாகிவிடாது தம்பி. வேலை முடிந்ததும், "அண்ணா, கழட்டின பழைய சீலைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நம் ஊரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. முருகனைப் பார்க்க 1320 படி ஏறுகிறவர்கள் போக, குடும்பத்தோடு பைக்கில் மலைப்பாதையில் போகிறவர்கள் எத்தனை பேர்! இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் கேலிப்பர் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். அதைத் தாண்டினால் ஆயிலில் ஆவிக்குமிழி உண்டாகி, லீவர் கைக்குள் சும்மா வந்துவிடும். இறுகிப்போன சீலால் பேடு உரசிக்கொண்டே இருந்தால் இந்தச் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து வாருங்கள்.

நாம் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். அறுந்த நூலை முடிச்சுப் போட்டு ஓட்டுவோமே தவிரத் தூக்கி எறிய மாட்டோம். அந்தச் சிக்கனம்தான் நம்மில் பலரைப் படிக்க வைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூல் அறுந்தால் தறி நிற்கும், போர்வை ஒரு நாள் தாமதமாகும். சீல் போனால் வண்டி நிற்காது. குக்கர் கேஸ்கட் இறுகினால் வீட்டு அம்மிணிகள் யோசிக்காமல் புதிது வாங்குகிறார்கள். அந்தப் புத்தி பைக்குக்கும் வரட்டும்.

சிக்கனம் வேண்டுமென்றால், சர்வீஸ் கூலியை மிச்சம் பிடியுங்கள், தப்பில்லை. மிச்சமான காசில் கம்பெனி சீல் வாங்குங்கள், பில்லோடு. வேலை முடிந்ததும் லீவர் கல் மாதிரி நிற்கிறதா, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்து, தெருவிலேயே மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகுதான் பின்னால் ஆளை ஏற்ற வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். வொர்க்‌ஷாப் வைத்திருக்கிற நம்ம பிள்ளைகளும் வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், சென்னிமலை