ஆடவல்லான் ஓர் அரும்பொருளா?

'கலைப்பொருள்' என்னும் சொல்லை நாம் கூசாது வழங்குகின்றோம். உடைந்த தூணும், பழங்காசும், சோழர்காலச் செப்புத் திருமேனியும் அச்சொல்லுக்கு ஒன்றே. அருங்காட்சியகப் பேழையின் அடியில் உள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள்: மாழை இன்னது, உயரம் இத்துணை, நூற்றாண்டு இது. (சீர்வரிசைத் தாம்பாளத்தைப் பற்றியும் இவ்வளவு எழுதிவிடலாம்!)

திருமேனி தன்னைப் பற்றித் தானே சொல்வது வேறு. அதன் பீடத்து வளையங்களையும் துளைகளையும் நோக்குக. தண்டு கோத்துத் தோளிற் சுமந்து தெருவுக்குக் கொணர்தற்கென்றே அமைந்தவை அவை. கருவறைக் கல்லுரு நகராது. நடக்கவியலாத முதியோரை அவர்தம் வாயிலுக்கே வந்து காண்பது இச்செப்புத் திருமேனிதான். மூக்கும் கன்னமும் மழுங்கியிருப்பது பல தலைமுறைத் திருமுழுக்கின் சுவடு. அதனைத் தேய்மானம் என்று குறித்து வைப்பது அறியாமை.

செய்முறையும் எண்ணத்தக்கது. தேன்மெழுகில் உருச்சமைத்து, அதன்மேற் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்வெற்றிடத்தே ஐம்பொன்னை வார்ப்பர். மண்கருவை உடைத்தே உருவை வெளிக்கொணர்தல் வேண்டும். ஆதலின் ஒன்றை ஒத்த மற்றொன்று இல்லை. சுவாமிமலைக் கம்மியர் இன்றும் தென்னங்கீற்றை மடித்தே அளவு கொள்கின்றனர்.

இனிப் பெயருக்கு வருவோம். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொரு திருமேனிக்கும் பெயரும், முழக்கணக்கும் விரற்கணக்கும், கைகளின் எண்ணிக்கையும், உள்ளே பொள்ளலுண்டா இல்லையா என்பதும் குறிக்கின்றன. கூத்தப்பெருமானுக்கு அங்கே பெயர் 'ஆடவல்லான்'. கோயிற் பொன்னை நிறுத்த கல்லுக்கும் அப்பெயர். நெல்லளந்த மரக்காலுக்கும் அப்பெயர். நிறையிலும் அளவிலும் பொய் புகாதிருக்க இறைவன் பெயரையே இட்டனர் போலும்! அத்தகைய பெயரைக் கைவிட்டு 'நடராசர்' என்னும் வடசொல்லால் உலகுக்கு அறிமுகம் செய்தோம். பெயரை விட்டவர் பொருளையும் விட்டதில் வியப்பென்ன?

தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுள் இருந்து வெளிப்பட்ட ஆடவல்லான் திருமேனி கடல்கடந்து இலண்டனில் விற்கப்பட்டது. வழக்கு எழுந்தது. 1988-இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது; 1991-இல் மேன்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்ய, அவ்வாண்டே திருமேனி திரும்பிற்று. பாழ்பட்டுக் கிடந்த பத்தூர்க் கோயிலையே வழக்காடும் உரிமையுடைய ஆளாக ஆங்கிலேய மன்றம் ஏற்றுக்கொண்டது. நாம் பொருளென்று சீட்டெழுதியதை அயலார் மன்றம் உரியவர் உள்ள உடைமையென மதித்தது.

அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலினின்று களவுபோன ஆடவல்லானை ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008-இல் 50 இலக்கம் அமெரிக்கத் தாலருக்கு வாங்கிற்று. அக்கோயிலில் 1994-இல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்த ஒளிப்படம் இருந்தமையால் களவு மெய்ப்பிக்கப்பட்டது. 2014-இல் திருமேனி மீண்டது. அப்படத்தை ஊரார் எடுத்து வைத்திருந்தாரல்லர் என்பதே என் வருத்தம்.

மீட்கப்பட்ட திருமேனிகளுட் பல இன்று திருவாரூர் முதலிய இடங்களிற் காப்பறைகளுள் அடைபட்டுள்ளன. களவுக்கு அஞ்சி அடைத்தனர், அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் தண்டு கோக்கும் வளையமுடைய திருமேனியை வரிசையெண் இட்டு இரும்புக் கதவுக்குப் பின் நிறுத்துதல் தீர்வாகாது. காவலை ஊருக்குக் கொண்டு செல்க! அதுவரை, ஒவ்வோர் ஊர்த் தமிழாசிரியரும் தம் மாணவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள திருமேனிகளின் பெயரையும் அளவையும் எழுதுவித்து, ஒளிப்படத்தோடு ஒரு படியைப் பள்ளியிலும் ஒரு படியைக் கோயிலிலும் வைப்பாராக.