வட்ஸ்அப் படத்தைப் பார்த்து காணி விற்பதா?

1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டப்பட்டோம். இன்று புத்தளத்தில் இருந்துகொண்டு, சோனகத் தெருக் காணிக்குப் போனில் விலை கேட்கிறோம்!

தரகர் அனுப்பும் படத்தில் இடிந்த சுவரும் பற்றையும்தான் இருக்கும். பக்கத்துக் காணி என்ன விலைக்குப் போனதென்று சொல்வாரா? வாங்குபவரிடமும் தரகுக் காசு எடுப்பவராச்சே. பெறுமதி சுவரில் இல்லை, நிலத்தில். ஒரு பரப்பென்றால் 10 பேர்ச்சஸ்; பெருக்கல் படிப்பிக்கும் நாமே அதைப் பெருக்கிப் பார்ப்பதில்லை.

பிழை நம்மிலும்தான். மகளின் கலியாணம், கடன் என்று அவசரப்பட்டு அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைக்கிறோம். உறுதியை எடுத்துக்கொண்டு நேரில் போய், நில அளவையாளரையும் மதிப்பீட்டாளரையும் காணியில் நிறுத்துவோம். காணிப் பதிவகத்தையும் பார்ப்போம். ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் சிலர் போகிறோம். வருபவர்கள் சொல்லுங்கள்.