பரியாரியாரின் ஏடும் நமது கடமையும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பரம்பரை வைத்தியரைப் பற்றிப் பேசுவோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார் அவரைச் சித்தர்களின் வாரிசென்று கும்பிடுகின்றனர். மறு திறத்தார் மூடநம்பிக்கையின் எச்சமென்று எள்ளுகின்றனர். அவர் அறிந்தது என்ன என்று கேட்டு எழுதி வைப்பதற்கு இரு திறத்தாருக்கும் நேரமில்லை.

அவரது வாழ்க்கைப் பாதையைச் சற்றே நோக்குவோம். இளமையிலே தந்தையின் பின்னால் காட்டுக்குள் நடந்து நன்னாரியையும் ஆடாதோடையையும் இனங்கண்டார். கல்வத்தில் மருந்தரைத்துக் கை காய்த்தார். வைகறையில் மூச்சை ஒழுங்குசெய்து ஆசனம் பழகினார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் கூறும் அட்டாங்க யோகம் அவருக்கு வைத்தியத்தின் ஒரு கூறே, மேடைக் காட்சியன்று. இன்றோ ஆண்டுதோறும் யூன் 21ஆம் திகதி, 2014இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த யோகா தினத்திற்காக மண்டபங்களில் பாய் விரிக்கிறார்கள். நாள் முழுதும் குனிந்து நின்று இடுப்பொடிந்த வயற்கூலிப் பெண்ணை அந்தப் பாய்க்கு அழைப்பார் யார்?

1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியரைப் பதிவு செய்ய வழி வகுத்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவக் கல்வி தொடங்கிற்று. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் முத்தையன்கட்டிலும் கனகராயன்குளத்திலும் முதிய பரியாரியார் ஒருவர் கண்மூடும்போது, எந்தப் பாடநூலிலும் ஏறாத அவரது கையறிவும் உடன் எரிகிறது.

“போர் அழித்துவிட்டது” என்பார்கள். மெய்தான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து செட்டிகுளம் முகாம்களை அடைந்த மக்கள், உயிரையன்றி வேறெதைச் சுமந்திருக்க முடியும்? ஆனால் பழி முழுவதையும் போரின்மீது போட்டுவிட்டு நாம் தப்பமுடியாது. ஓர் ஏடு ஒரே வீட்டில் மட்டும் இருந்தால், அந்த வீட்டோடு அதுவும் போகும். “சொன்னால் மருந்து பலிக்காது” என்று அறிவை மகளுக்கும் மறைத்தோம், பிற சாதியாருக்கும் மறைத்தோம். யாழ்ப்பாண அரசர் காலத்துப் ‘பரராசசேகரம்’ என்னும் வைத்திய நூல் அச்சேறியது. ஆகவே இன்றும் நம் கையில் இருக்கிறது.

பரியாரியார் இரகசியம் காத்தது கருமித்தனத்தால் அன்று, பசிக்கு அஞ்சியே. அந்த இரகசியம் ஒன்றே அவரது முதல். உழைப்புக்கு ஊதியம் தராத சமூகம், அவர் அறிவைப் பொதுவில் வைக்கவில்லையென்று குறைகூற உரிமையற்றது.

சோதனை என்றதும் சினங்கொள்வோரும் உளர். அவர்களுக்குச் சீனத்தை நினைவூட்டுகிறோம். பழைய மருத்துவ நூலொன்றிலே கண்ட குறிப்பை 1970களில் ஆராய்ந்து மலேரியாவுக்கு மருந்து கண்டார் தூ யூயூ என்னும் பெண்மணி. 2015இல் நோபல் பரிசு பெற்றார். வன்னியைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோயல்லவா அது! அங்கே குறிப்பு எழுதப்பட்டிருந்தது, ஆராயவும் பட்டது. அதனால் மரபு சிறுமையடையவில்லை. மறுபுறம், வயலிலே கண்ணாடி விரியன் தீண்டிய கூலியாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், விஷமுறிவு ஊசிக்குரிய நேரத்தைப் பச்சிலையில் கழிப்பது மரபுப் பற்றன்று; கொலை.

நாம் கேட்பவை எளியவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் எஞ்சியுள்ள வைத்தியர்களின் அறிவைப் பல்கலைக்கழகம் பதிவு செய்க. அதற்கு அவர்களுக்கு ஊதியம் தருக. பலன் கிட்டினால் அதிலும் பங்கு தருக. ஆண், பெண், சாதி வேறுபாடின்றி மாணவரை அவர்களிடம் அனுப்புக. எஞ்சிய ஏடுகளைப் படியெடுத்து அச்சேற்றுக. பயனுள்ளது நிலைக்கட்டும், தீங்கானது கழியட்டும். கும்பிடுவதும் எள்ளுவதும் இனிப் போதும், எழுதுகோலை எடுப்போம்.