துருவை மறைத்து விற்கலாமா?

துரு என்ற சொல்லைத் தலைப்பில் கண்டவுடன், உள்ளத்தில் படியும் துருவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாசகர்கள் எண்ணியிருக்கக் கூடும். அதைப் பற்றிப் பேசாத ஆலிம் இல்லை; எழுதாத ஏடும் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது வெறும் இரும்பில் பிடிக்கும் துருவைப் பற்றி. அதிலும், மோட்டார் காரின் அடிப்பாகத்தில், எளிதில் எவர் கண்ணிலும் படாத இடத்தில் பிடிக்கும் துருவைப் பற்றி. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்களாயின், சற்றுப் பொறுத்திருந்து படியுங்கள். தொழுகையும் நோன்பும் மார்க்கமாக இருப்பது போலவே கொடுக்கல் வாங்கலும் மார்க்கந்தான்.

என் நண்பர் ஒருவர், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில் வசிப்பவர், சென்ற ஆண்டு பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். பதினோர் ஆண்டு ஓடிய வண்டி. ஆயினும் வர்ணம் மங்கவில்லை. இருக்கைகளுக்குப் புதிய உறை. என்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. “அடியிலும் பார்த்துக் கொள்ளுங்கள்” என்று விற்றவரே குனிந்து காட்டினாராம். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடிக்கப்பட்டுக் கன்னங்கரேலென்று இருந்தது. நண்பருக்கு மகிழ்ச்சி. 2,10,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டி வந்தார். விற்றவரும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவர்தாம் என்பதை இங்கே மனவருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

இரண்டு மாதம் சென்றது. திருமண வீடொன்றிலிருந்து மனைவி மக்களுடன் நண்பர் திரும்பிக் கொண்டிருந்தார். ஊர் எல்லையில் வேகத்தடையின் மீது வண்டி ஏறி இறங்கிய நொடியில் பெரும் ஓசை கேட்டது. இடப்புற முன்சக்கரம் உள்நோக்கி மடங்கிச் சாய, வண்டி தரையில் உராய்ந்து நின்றது. வேகத்தடை என்பதால் வண்டி மெதுவாகச் சென்றது. அதனால் எவருக்கும் காயமில்லை. இறைவனுக்கே புகழனைத்தும். பத்து நிமிடம் முன்னர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் இது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நண்பரின் துணைவியார் இன்றும் சொல்லிச் சொல்லி நடுங்குகிறார்.

பட்டறையில் வண்டியை உயரத் தூக்கினார்கள். நானும் உடனிருந்தேன். மெக்கானிக் ஒரு திருப்புளியின் பிடியால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கொண்டே வந்தார். நல்ல இரும்பு கணீரென்றது. சில இடங்களிலோ ஓசை மழுங்கிக் கேட்டது. அங்கே திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினார். அது கறுப்பு வர்ணத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கிற்று. செந்தூளும் செதில்களும் கொட்டின. “மேலே எல்லாம் பளபளப்புத்தான் பாய், அடியில் அப்பளம்” என்றார் அவர்.

முறிந்தது லோயர் ஆர்ம் எனப்படும் உறுப்பு. சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழ்ப்புறத்தில் இணைத்து நிறுத்தும் கை அது. பெரும்பாலான சிறு கார்களில் இது இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்யப்படுகிறது. சிலவற்றில் இரு தகடுகளைப் பற்றவைத்து உள்ளே வெற்றிடமாக விட்டிருப்பார்கள். சேறும் நீரும் இண்டு இடுக்குகளில் புகுந்து தங்கிவிடும். அங்கே துரு உள்ளிருந்து வெளியே தின்று வரும். வெளியே தெரியும்போது தகட்டில் பாதிக் கனங்கூட எஞ்சியிராது. சக்கரத்தின் மேலுள்ள சுருள்வில்லின் கதையும் இத்தகையதே. சாலைக் கல் தெறித்து அதன் மேற்பூச்சில் ஒரு சிறு பொட்டு பெயர்ந்தால் போதும். அவ்விடத்தில் துரு ஒரு குழியைத் தோண்டும். குழி விழுந்த இடத்திலேயே பாரத்தின் இழுவிசை முழுவதும் குவியும். ஆயிரக்கணக்கான தடவை அழுந்தி எழுந்த பின், ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இன்றி வில் அவ்விடத்தில் முறியும். முறிந்த முனை டயரைக் கிழிப்பதும் உண்டு. பிரேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய் துருவேறி வெடித்தால் நேரும் விபரீதத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கடலோர மக்களாகிய நாம் துருவைப் பற்றி ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மழையில் நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரும்பைத் துருவாக்குவன நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் என்பது உண்மையே. ஆனால் கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் இரும்பின் மீது படியுமாயின், மழை தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டியவுடன் உப்பு தானாகவே அவ்வீரத்தை உறிஞ்சிக் கரைந்து நீராகிவிடும். நம் கரையோரங்களில் எத்தனையோ இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே, முற்றத்தில் காய்ந்து கிடப்பதாக நாம் எண்ணும் வண்டியின் அடிப்பாகம் இரவெல்லாம் உப்பு நீரில் நனைந்து கிடக்கிறது. உப்பு நீரோ சாதாரண நீரைவிட மின்னோட்டத்தை நன்கு கடத்துவது; துருப்பிடித்தல் என்ற இரசாயன வினை அதில் பன்மடங்கு விரைந்து நடக்கும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் படலம் அதற்குக் கவசமாகிறது. இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. அது நுண்துளைகள் நிறைந்தது, உதிரும், அடியிலுள்ள இரும்பை மேலும் தின்னக் காற்றுக்கும் நீருக்கும் வழிவிடும்.

இத்தகைய துருவைச் சுரண்டாமல், உப்பைக் கழுவாமல், அதன்மேல் கறுப்பு வர்ணத்தையோ தார்ப்பூச்சையோ அடித்தால் என்ன நிகழும்? துரு நிற்காது. பூச்சின் அடியில் ஈரமும் உப்பும் அகப்பட்டுக் கொள்ளும், அரிப்பு தொடரும். கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. விற்பதற்கு முந்திய வாரத்தில் இப்பூச்சை அடிக்கச் சொல்பவர் எதற்காகச் சொல்கிறார் என்பதைப் பட்டறைக்காரர் அறிவார், தரகர் அறிவார், அறியாதவர் வாங்குபவர் ஒருவரே.

இப்போது மதீனாவின் கடைத்தெருவுக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலருகே சென்று அதனுள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்துரைத்த அண்ணலார், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராகக் கருதமாட்டேன் என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். கவனியுங்கள்: அந்த வணிகர் பொய் எதுவும் சொல்லவில்லை. தானியம் நன்றாயிருக்கிறது என்று சத்தியம் செய்யவில்லை. மழை பெய்ததும் அவர் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்தார், அவ்வளவே. காரின் அடியில் பூசிய கறுப்பு வர்ணத்துக்கும் மேலே கிடந்த அந்தக் காய்ந்த தானியத்துக்கும் என்ன வேற்றுமை?

ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்குமுன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றச் செய்வதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் மூன்று நாளைக்குள் அப்பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ அளவு பேரீச்சம்பழம் கொடுத்தால் போதும் என்றும் தீர்ப்பளித்தார்கள். பொருளின் தோற்றத்தைச் சோடித்து விலையை ஏற்றுவது அக்காலத்திலும் இருந்தது. அதற்குப் பரிகாரமும் அப்போதே வகுக்கப்பட்டது.

நண்பர் விற்றவரிடம் சென்று முறையிட்டபோது வந்த பதில் இது: “பார்த்துத்தானே வாங்கினீர்கள்? உள்ளது உள்ளபடி என்றுதானே பேசி முடித்தோம்?” பழைய வண்டி வியாபாரத்தில் இவ்வார்த்தை மந்திரம் போல் ஓதப்படுகிறது. ‘உள்ளபடி’ என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்பது பலர் எண்ணம். நம் சட்ட நூல்கள் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. நம் கரையோர மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், எல்லாக் குறைகளிலிருந்தும் தாம் பொறுப்பற்றவர் என்று விற்பவர் நிபந்தனை இட்டாலும், உயிருள்ள பிராணியின் உடலுக்குள் மறைந்திருந்து விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை பயன்படும், மற்றவற்றுக்குப் பயன்படாது. ஹனஃபி மத்ஹபில் அத்தகைய நிபந்தனை செல்லும் என்று காண்கிறோம். ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்பது வேறு. அறிந்தே மறைத்தவரின் பாவம் நீங்கும் என்பது வேறு. இந்த வேற்றுமையை மறந்தவர்கள்தாம் ‘உள்ளபடி’ என்ற சொல்லின் பின்னே ஒளிந்து கொள்கிறார்கள்.

அப்படியாயின் வண்டியில் தென்படும் ஒவ்வொரு பழுப்புக் கறையையும் ஒப்புவிக்க வேண்டுமா என்று ஒரு வியாபாரி என்னைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சைலன்சர் மேல் படிந்த செந்நிறம், கனத்த வார்ப்பிரும்பு உறுப்புகளின் மேல் தோலளவில் படிந்த துரு ஆகியவை பழைய வண்டி எதிலும் உள்ளவை. அவற்றால் ஆபத்தும் இல்லை. பொருளின் மதிப்பைக் குறைப்பதும், அவ்வகைப் பொருளில் பொதுவாக இருக்கக் கூடாததுமே குறை என்று ஃபிக்ஹு நூலார் வரையறுத்தார்கள். தகட்டைத் துளைத்த துரு, சஸ்பென்ஷன் உறுப்புகள் சட்டத்தோடு சேரும் இடத்து அரிப்பு, உப்பிப் போன பிரேக் குழாய் ஆகியவை இவ்வரையறைக்குள் ஐயமின்றி வருகின்றன. பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களை ஆண்டுதோறும் பரிசோதிக்கையில், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் ஆகியவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடும் அரிப்பு இருக்கிறதா என்று தனியே பார்க்கிறார்கள். இடம் எது என்பதுதான் முக்கியம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலோ சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். தகுதிச் சோதனை அதன் பின்னரே. இடைப்பட்ட காலத்தில் வண்டி எத்தனை கை மாறினாலும், அடிப்பாகத்தைக் கட்டாயமாகப் பார்க்கும் அதிகாரி எவருமில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது எண்ணற்ற கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் கண்டோம். அவ்வாறு மூழ்கி எழுந்த வண்டியைத் துடைத்து மெருகிட்டு, வெள்ளத்தின் பேச்சையே எடுக்காமல் வெளியூரில் விற்பவரைத் தடுக்க என்ன இருக்கிறது? அவருடைய மனச்சான்றைத் தவிர வேறில்லை. பெரிய நிறுவனமென்றால் நீதிமன்றம் இழுத்துப் பிடிக்கும். பனியை உருக்கச் சாலையில் உப்பு இறைக்கும் அமெரிக்காவில், டொயோட்டா வண்டிகள் சிலவற்றின் அடிச்சட்டம் துருவால் ஓட்டையாகிறது என்று வழக்கு எழுந்தது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைச் சோதித்துத் தேவையானவற்றின் சட்டத்தை மாற்றித் தர 2016இல் அந்நிறுவனம் உடன்பட்டுச் சமரசம் செய்துகொண்டது. ஒற்றை வண்டியை விற்ற தனிமனிதரை எந்த நீதிமன்றம் தேடிச் செல்லப் போகிறது?

ஆகையால்தான் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற நபித்தோழரை நான் அடிக்கடி நினைத்துக் கொள்கிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரலி) முதலில் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்துடன் புறப்பட்டுவிட்டார். உடனே வாஸிலா (ரலி) அவர் பின்னே ஓடிச் சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று வினவினார்கள். சவாரிக்கு என்றார் அவர். அப்படியானால் அதன் பாதத்தில் ஒரு துளை இருப்பதைத் தாம் கண்டதாகவும், அது தொடர்ந்து நடக்கத் தாங்காது என்றும் எடுத்துச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹத்தைக் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று அவர் சினந்தார். அறிந்த குறையைச் சொல்வது, விற்பனையில் தொடர்பில்லாத மூன்றாமவர் மீதும் கடமை என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் நிலை.

இறைச்சிக்கா, சவாரிக்கா என்ற அந்த ஒரு வினாவில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய இரும்புக்காக வாங்குபவரிடம் துருவைப் பற்றிப் பேசி ஆவதென்ன? மனைவி மக்களை ஏற்றிச் செல்ல வாங்குபவரிடம் பேசியே ஆகவேண்டும். அவர் எச்சமயத்தவராயினும் சரி. கறுப்பு வர்ணம் அடித்துக் கொடுத்த பட்டறைக்காரரும், கை குலுக்கி வைத்த தரகரும், நாங்கள் விற்கவில்லையே என்று இனி ஒதுங்க முடியுமா? துருவை ஒப்புக்கொண்டால் விலை இறங்கும் என்பது உண்மையே. அந்த ஒட்டகத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு இறங்கத்தான் செய்தது.

நண்பரின் கதை இன்னும் முடியவில்லை. லோயர் ஆர்ம் இரண்டையும் புதிதாக மாற்றினார். ஆயினும் அவை பொருந்தும் குறுக்குச் சட்டமும், ஓட்டுநர் காலடித் தளமும் அரித்தே இருக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கக் கேட்கப்படும் கூலி அவர் சக்திக்கு மீறியது. விற்றுவிடுவதென்று முடிவு செய்தார். மீண்டும் ஒரு கோட்டு வர்ணம் அடித்து உள்நாட்டு ஊர் ஒன்றில் காட்டினால் கொடுத்த விலையே கிடைக்கும் என்று தரகர் ஒருவர் வழி சொன்னார். நண்பர் என்னிடம் வந்தார். மேலே எழுதியவற்றையே அவரிடம் சொன்னேன். இப்போது வண்டி அந்தப் பட்டறையில், திருப்புளி இறங்கிய துளைகள் மூடப்படாமல் நிற்கிறது. பார்க்க வருபவரை அதன் அடியில் நிறுத்தி, விளக்கைப் பிடித்துக் காட்டுகிறார்கள். இருவர் பார்த்துவிட்டுப் போய்விட்டனர். மூன்றாமவர், பற்றவைக்கும் தொழில் தெரிந்தவர், 90,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். வரும் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.