ஊற்றுக்கண் தூரலாமா?

கிணறு வெட்டும் உழவன், பாறை பிளந்து நீர் பீறிடும் இடத்தை ஊற்றுக்கண் என்கின்றான். நீர் வரின் கண் திறந்தது என்கின்றான். மண் மூடின் கண் தூர்ந்தது என்கின்றான். எவர் கண்ணும் காணாத ஆழத்திற்குக் கண்ணையே பெயராக்கினான். அச்சொல்லை அவனுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை, தாய்மொழி கற்பித்தது.

இஃது உழவன் வாய்மொழி மட்டுமன்று; தமிழின் அமைப்பே இதுதான். ஏழாம் வேற்றுமைக்குக் ‘கண்’ என்றே பெயரிட்ட தொல்காப்பியம், இடப்பொருள் தரும் சொற்களை அடுக்கும்பொழுது கால், இடை, தலை என்னும் உறுப்புப் பெயர்களையும் உடன்வைத்து எண்ணுகின்றது. அகடு என்பது வயிறு; உள்ளிடமும் அதுவே. தாய் வயிற்றில் வளர்வது கரு. கோயிலின் ஒளிபுகா உள்ளறை கருவறை. தன் உடலையே அளவுகோலாகக் கொண்டு, தான் காணாத ஆழங்களையும் அளந்தான் தமிழன்.

இத்துணை வளம் இருந்தும், கருவறையைக் கர்ப்பக்கிருகம் என்றனர். நிலவியலைப் பூகர்ப்ப சாத்திரம் என்றனர். வடமொழியிலும் கர்ப்பம் என்பது வயிற்றுக் கருவே. உடலைக் கொண்டு உலகிற்குப் பெயரிடல் மாந்தர் அனைவர்க்கும் பொது, அதனை மறுப்பாரில்லை. ஆயின், வடசொல்லின் உவமை வடமொழி அறிந்தார்க்கே விளங்கும். தமிழ்ச் சிறுவனுக்கு அது வெற்றோசை. கருவறை எனின், கருவும் அறையும் அவன் முன்பே அறிந்தவை. அங்கே சொல்லே ஆசிரியனாகி விடுகின்றது. இரவற்சொல் நுழைந்த இடத்தில் அவ்வாசிரியன் வெளியேறி விடுகின்றான்.

இன்று ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. கிணற்றுள் இறங்கி ஊற்றுக்கண் கண்டு தூர்வாருவோர் அருகி வருகின்றனர். வினை மறையின் சொல் மறையும். சொல் மறையின், நீர் எவ்வழி வருகின்றது என்னும் அறிவும் உடன் மறையும். எனவே, தமிழன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் முதியோரை அணுகி, கிணறு, ஏரி, மலை ஆகியவற்றின் உள்ளிடங்களுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதித் தொகுத்தல் வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் அவற்றை மாணவர் நாவில் ஏற்றுதல் வேண்டும். அகரமுதலியில் மட்டும் கிடக்கும் சொல் உயிருள்ள சொல்லாகாது.

தூர்ந்த ஊற்றுக்கண்ணைத் தோண்டித் திறக்கலாம். அஃது எங்கே இருந்தது என்பதையே மறந்துவிடின், எங்கே தோண்டுவது?