மலைக்குளிர் மட்டும் போதுமா?



ஏற்காட்டிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கின்றார். பதினொரு வயது மகன் பெருநாள் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆக்ஸலாட்டல் என்னும் நீர்ப்பிராணியை வாங்கித் தரும்படி நச்சரிக்கின்றானாம். கடைக்காரரோ, "ஏற்காட்டுக் குளிருக்கு வேறெதுவும் தேவையில்லை, தொட்டியையும் பிராணியையும் இன்றே எடுத்துச் செல்லுங்கள்" என்றாராம். எந்தச் செடிகளை வைக்கலாம், பையனுக்கு அலுத்துவிட்டால் ஏரியில் விட்டுவிடலாமா என்று கேட்கின்றார்.

2021 ஆம் ஆண்டு மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் இப்பிராணி இடம்பெற்றது முதல் பிள்ளைகளுக்கு இதன்மீது ஒரு மோகம். பலர் எண்ணுவதுபோல் இது மீன் அன்று. சாலமாண்டர் இனம், தவளைக்குத் தூரத்து உறவு. கழுத்தருகே இறகு போன்ற செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே இருக்கும். நன்கு பேணினால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். மகன் படித்து முடித்து வேலைக்குச் சென்ற பிறகும் இதற்கு மண்புழு நறுக்கிப் போடப்போவது தாங்கள்தாம் என்பதை இப்போதே எண்ணிப் பாருங்கள்!

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. இதற்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரே உகந்தது. 24 டிகிரியைத் தாண்டினால் உணவை வெறுத்து, நோயுற்று, மடிந்துவிடக்கூடும். சேலத்தின் கோடையில் குளிரூட்டும் கருவியின்றி இதனை வைத்திருப்பது கொடுமை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மார்கழியிலும் தை மாதத்திலும் கவலையில்லை. ஆனால் சித்திரையில் அங்கும் பகல் வெப்பம் 30 டிகிரியை நெருங்குகின்றதே! ஆகவே தொட்டியில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருத்தல் வேண்டும். வெயில் படாத மூலையில் தொட்டியை வைத்து, நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியின் காற்றுபடச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி தணியும். அதற்கும் அடங்காவிடில் குளிரூட்டும் கருவிதான் வழி.

இனி, "இன்றே எடுத்துச் செல்லுங்கள்" என்றாரே, அதுவே பெரும் பிழை. பிராணியின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகின்றது. அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட் அளவோடு இருந்தால் கெடுதியில்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவில் இரா. அவை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகலாம். அதுவரை தொட்டியில் பிராணி இருத்தல் கூடாது. குளோரின் நீங்கிய நீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை இட்டு அழுக விடுங்கள். சொட்டு மருந்து போல விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று தொடர்ந்து காட்டினால்தான் நீர் ஆயத்தம் என்று பொருள். பையனிடமே ஒரு நோட்டைக் கொடுத்து அளவுகளை எழுதி வரச் சொல்லுங்கள்.

செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சும். ஒளிந்துகொள்ள நிழலும் தரும். இப்பிராணிக்குக் கண்ணிமை கிடையாதாகையால் கடும் வெளிச்சம் ஆகாது. குறைந்த ஒளியிலும் குளிர்ந்த நீரிலும் வளரும் ஜாவா பாசி, ஜாவா பெரணி, அனூபியஸ் ஆகியவை ஏற்றவை. இவற்றுக்கு மண் வேண்டா. வழவழப்பான பெரிய கல்லில் நூலால் கட்டிவிட்டால் பற்றிக்கொள்ளும். வேரூன்றும் செடிகளை அது இரவில் மிதித்துப் பிடுங்கிப் போட்டுவிடும். கூழாங்கல் மட்டும் போடவே போடாதீர்கள். உணவை வாயால் உறிஞ்சி விழுங்கும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். அடித்தளம் வெறுமையாக இருக்கட்டும். அல்லது மிக நுண்ணிய மணல் போதும்.

ஓடையில் செடி இலவசமாகக் கிடைக்கின்றதே என்று ஏற்காட்டுக்காரர்களுக்குத் தோன்றலாம். சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அறிமுகப்படுத்திய காபி இன்றும் எங்கும் நிற்கின்றது. காபியின் இலைத்துரு நோய்க்கும் மிளகுக் கொடியின் வாடலுக்கும் தெளிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, இருக்கின்றது. செம்பு நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. எனவே தோட்டத்து ஓடைநீரும் செடியும் வேண்டா. கடைச் செடியையும் சில நாள் தனிப் பாத்திரத்தில் அலசி வைத்தே சேர்க்க வேண்டும்.

ஒரு பிராணிக்கு 100 லிட்டர் தொட்டி நலம். மீன்களை உடன் விடாதீர்கள்; செவுள்களைக் கடிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகின்றேன். அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டல் உள்ளது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024 ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. விற்பவரிடம் உரிய ஆவணங்களைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

ஏரியில் விடலாமா? கூடவே கூடாது. தவளைகளைக் கொல்லும் பூஞ்சைக் கிருமியை இவை சுமந்து வரக்கூடும். அன்னிய உயிர் நீரில் நுழைந்தால் என்னவாகும் என்பதற்கு இப்பிராணியின் கதையே சான்று. மெக்சிகோ நகரருகே சோச்சிமில்கோ கால்வாய்கள்தாம் இதன் பிறப்பிடம். அங்கே உணவுக்காக விடப்பட்ட கெண்டை இனமும் திலேப்பியாவும் இதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன, நீரும் மாசடைந்தது. 1998 இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை 2014 இல் 36 ஆகக் குறைந்தன. திலேப்பியா யார் என்று கேட்கின்றீர்களா? 1952 இல் நம் நாட்டுக்கும் வந்து, குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்ட ஜிலேபி மீனின் இனந்தான்!

அலுத்துவிட்டால் வாங்கிக்கொள்வாரா என்று விற்பவரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சகோதரி. பெருநாள் பணம் முதலில் தொட்டிக்கும் வெப்பமானிக்கும் சோதனைப் பெட்டிக்கும் போகட்டும். ஆறு வாரம் கழித்து மகனின் நோட்டை எனக்கு எழுதியனுப்புங்கள், பார்த்துச் சொல்கின்றேன்.