உப்பு, சர்க்கரை, தண்ணி... இதுக்கு எதுக்குய்யா இத்தனை அப்பன்?

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை பக்கம் போனால் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வளைத்து வளைத்து ஏறி வரும் கல்லூரிப் பசங்களின் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதோ இல்லையோ, பையில் கலர் கலராக ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டில் இருக்கும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது எல்லோரும் ஹீரோ. ஏறும்போது நாக்கு வெளியே. மூச்சு வாங்க உட்கார்ந்ததும் பட்டிமன்றம் ஆரம்பம். "இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுடா" என்பான் ஒருவன். "போடா, எங்க பாட்டி நீராகாரத்தைத்தான் காப்பியடிச்சு பாட்டில்ல வித்துக்கிட்டு இருக்கான்" என்பான் அடுத்தவன். கைதட்டல் எப்போதும் பாட்டி கட்சிக்குத்தான்.

ரெண்டு கட்சிக்கும் டெபாசிட் கிடைக்காது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. இந்தச் சண்டையை ஊரறிய நடத்துவது அங்கே ஒரே மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக ரசிகர்கள். 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி (நம்ம கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) வெயிலில் சுருண்டு சுருண்டு விழுந்தது. விளையாட்டு முடிந்தும் பையன்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை என்று உதவிப் பயிற்சியாளர் டுவெய்ன் டக்ளஸ் கேட்கப்போய், சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடும் அவர் குழுவும் உப்பு, சர்க்கரை, தண்ணீர் கலந்து ஒன்றைத் தயார் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லையாம். கேடின் மனைவி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னார். (அங்கேயும் கடைசியில் ஒரு வீட்டம்மாதான் காப்பாற்றியிருக்கிறார்!) அணியின் பெயர் கேட்டர்ஸ், அதனால் பானத்தின் பெயர் கேட்டரேட்.

எதிர்முகாம் டல்லஹாசியில் உள்ள புளோரிடா ஸ்டேட். "உங்களுக்கு முன்னாடியே எங்க பசங்க 'செமினோல் ஃபயர்வாட்டர்' குடிச்சாங்க" என்பது அந்த ரசிகர்களின் வாதம். இருக்கட்டுமே. யார் முதலில் கலக்கினார் என்பது அந்தச் சண்டையில் பெயருக்குத்தான். கேட்டரேட் விற்றது, ஃபயர்வாட்டர் விற்கவில்லை. எல்லா எரிச்சலுக்கும் மூலம் அதுதான். விற்காமல் போயிருந்தால் இரண்டு ஊர்க்காரனும் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு புலனாகாச் சொத்து வருமே, சண்டை அதற்குத்தான். 1967இல் ஸ்டோக்லி-வான் கேம்ப் கம்பெனி கேட்டரேட்டை வாங்கியது. முதலில் கண்டுகொள்ளாமல் இருந்த பல்கலைக்கழகம், பணம் கொட்டுவதைப் பார்த்ததும் "எங்க ஆள், எங்க லேப், எங்க பங்கு எங்கே?" என்று வழக்குக்குப் போனது. கடைசியில் சமரசம்: ராயல்டியில் 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்கு, மீதி கேட் தரப்புக்கு. 1983இல் குவேக்கர், 2001இல் பெப்சி என்று கை மாறியது பெயர்தான். உப்பும் சர்க்கரையும் பழைய உப்பு சர்க்கரைதான். இந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்த ரசிகனுக்கும் ஒரு பைசா வரவு கிடையாது. ஆனாலும் தொண்டை கிழியக் கத்துகிறான்.

அடுத்து நம்ம பாட்டி கட்சி. இவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நீராகாரத்தில் உப்பும் கரைந்த மாவுச்சத்தும் உண்டு. பானகத்தில் வெல்லம் உண்டு. கொல்லிமலை மலையாளி மக்கள் காடு மேடு ஏறி உழைத்தது கேழ்வரகையும் சாமையையும் தினையையும் நம்பித்தான், பாட்டிலை நம்பி அல்ல. (கூழின் பெருமை பேசும் இதே வாய்கள், அந்தச் சாமைக் காடுகள் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளிக் காடுகளாக மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. அது வேறு கதை.)

ஆனால் ஒரு கேள்வி. ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் நீராகாரம் இருந்த இதே மண்ணில்தானே வாந்திபேதி வந்தால் தெருத்தெருவாகப் பிணம் விழுந்தது? மருந்து பானையிலேயே இருந்திருந்தால் ஏன் செத்தார்கள்? ஏனென்றால் குடிப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, எதற்காக இரண்டும் சேர வேண்டும், பேதி போய்க்கொண்டே இருக்கும்போதும் ஏன் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. படித்த டாக்டர்களுக்கே தெரியாது. குடலுக்கு ஓய்வு கொடு, வாய் வழியாக எதுவும் தராதே என்பதுதான் அன்றைய பாடம்.

அளவு சொன்னவர்களின் கதை அமெரிக்க மைதானத்திலும் இல்லை, நம் அடுப்படியிலும் இல்லை. கல்கத்தாவில் இருக்கிறது. 1953இல் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகவே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் கொடுத்து, லிட்டருக்கு 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுக்கோஸ் என்று அளவோடு லான்செட் இதழில் எழுதினார். கேட்டரேட்டுக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால்! உலகம் கண்டுகொள்ளவில்லை. 1960இல் ராபர்ட் கிரேன் காரணத்தைச் சொன்னார்: குளுக்கோஸும் சோடியமும் ஜோடி போட்டுக்கொண்டு குடல் சுவரைத் தாண்டுகின்றன, பின்னாலேயே தண்ணீர் போகிறது. 1968இல் டாக்காவில் நாலினும் கேஷும் காலரா வார்டில் இதை நிரூபித்தார்கள்.

அப்புறம் 1971. வங்கதேசப் போரில் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வருகிறார்கள். பனகாவ் ஆஸ்பத்திரியில் காலரா. ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துகொண்டே போகிறது. திலீப் மஹலனாபிஸ் வேறு வழியில்லாமல் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வாக்கில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ராயல்டி கிடையாது. அணி கிடையாது, சின்னம் கிடையாது, கோஷம் கிடையாது. அவர் 2022இல் இறந்தார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் வந்தது. உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

"சரிப்பா, பழைய கதை, இப்ப யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. மஹலனாபிஸ் விற்காமல் விட்ட பெயரை மற்றவர்கள் எடுத்து விற்றார்கள். 'ஓஆர்எஸ்' என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்ட இனிப்புப் பானங்கள் மருந்துக் கடை வரை வந்து உட்கார்ந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். இந்த அட்டை டப்பாக்களில் சர்க்கரை அதைப் போல பல மடங்கு. பேதியாகும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை போனால் குடலுக்குள் இன்னும் தண்ணீர் இழுத்துக்கொண்டு பேதி கூடும். பிள்ளைக்கு மருந்து கொடுத்ததாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் இதை எதிர்த்துக் கத்தினார். 2022இல் "இது அந்த ஓஆர்எஸ் அல்ல" என்று ஒரு வரி போட்டால் போதும் என்று அனுமதித்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

விளையாட்டுப் பானமே கூட ஓஆர்எஸ் அல்ல. கேட்டரேட்டில் சோடியம் ஓஆர்எஸ்ஸில் இருப்பதில் கிட்டத்தட்ட கால்வாசி, சர்க்கரை நாலு மடங்குக்கும் மேல். அது வியர்வைக்கு. வெயிலில் மணிக்கணக்கில் ஓடுகிறவனுக்கு உதவும். பேதிக்கு உதவாது. ஆகாய கங்கை படி ஏறியவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸும் தாராளமாகப் போதும், அது எந்தக் காலேஜ் கண்டுபிடிப்பாக இருந்தாலும் :-)

பேதிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் கேட்டால் தருவார்கள். முழுப் பொட்டலத்தையும் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது. நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் கூடவே கூடாது. கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கீழே கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.